கொல்லை போனது, கார் வந்தது

எங்கள் கரும்புக் கொல்லை வழியாக நாற்கரச் சாலை போகப் போகிறது என்று தெரிந்த வருடம், எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் ஒரு சிக்கல் உண்டானது. ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்வது எங்கள் வழக்கம். எங்களோடேயே இருக்கிற என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கப்பா வச்சிட்டுப் போன கொல்லிய எங்ககிட்டேர்ந்து புடுங்கிடாத" என்பார். அடுத்து என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண்டவரே, எல்லாம் உம்முடைய சித்தப்படியே நடக்கட்டும்" என்பார். ஆண்டவரின் சித்தம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நிலத்தை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அது. நடுவில் மாட்டிக்கொண்ட நான் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்காக வேண்டிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வில்லியனூருக்கு மேற்கே, சுற்றிலும் கரும்பும் நெல்லுமாக, தேவாலயமும் சாமியாரும் உள்ள ஒரு பங்கு கிராமம் எங்களுடையது. கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்காக வருடக்கணக்கில் நடந்து நடந்து அவருக்குச் சலித்துப்போயிருந்தது. நான் வில்லியனூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் பல மாதங்கள் அடுப்பு எரிந்தது. அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொல்லிக்காட்டியதில்லை.

கடைசியில் ஆண்டவர் தம்பியின் விண்ணப்பத்தைத்தான் கேட்டார். மஞ்சள் பூசிய கல் நட்டார்கள். கரும்பு வெட்டி முடித்த கட்டை கொல்லையில் கிடக்கும்போதே பெரிய பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கின. அண்ணி ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார். கொஞ்ச காலம் கழித்துப் பணம் வந்தது. எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. எங்கள் இரு பக்கத்துக் குடும்பத்திலும் அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத பணம்.

பணம் வந்தால் நிம்மதி போய்விடும் என்று சொல்கிறார்கள். எனக்குப் போகவில்லை. நன்றாகத் தூங்கினேன். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டினோம். படுக்கையறையில் ஏசி மாட்டினோம். சித்திரை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அண்ணிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்தோம். அதற்கு முன் அவர் கோயில் படி ஏறுவதைப் பார்க்கிறவர்களுக்கே வலிக்கும். அறுவை முடிந்து ஆறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நற்கருணை வாங்கப் பீடம் வரைக்கும் யாரையும் பிடிக்காமல் நடந்து போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் திமிர் இருந்தது. காசு பணத்தில் சந்தோஷம் கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்லும்போது தலையாட்டுவதை அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். கிடைக்கும். எங்கள் அண்ணியின் முழங்காலில் கிடைத்தது.

கார் வாங்கியது என் கணவரின் ஆசை. வெள்ளை நிறம், ஏழு பேர் உட்காரலாம். "மூணு பேருக்கு எதுக்கு ஏழு பேர் வண்டி?" என்று கேட்டேன். "சொந்தக்காரங்க வந்தா?" என்றார். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் பைக்கிலேயே வந்து பைக்கிலேயே போகிறவர்கள். கார் வந்த அன்று சாமியாரை அழைத்து மந்திரித்தோம். தீர்த்தத் தண்ணீர் பட்ட இடத்தை, சாமியார் கண்ணுக்கு மறைந்ததும், இவர் துணியால் துடைத்தார். இருக்கைகள் மேலே கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை எடுக்கவே இல்லை. உட்கார்ந்தால் சரசரக்கும். வெயிலில் முதுகு ஒட்டிக்கொள்ளும். "எடுத்துட்டாதான் இன்னா?" என்று அண்ணி கேட்டால், "அழுக்காயிடும்" என்பார். தெருப் பிள்ளைகள் கண்ணாடித் தூசியில் விரலால் படம் வரைந்துவிட்டுப் போனால் அன்று முழுக்கப் புலம்புவார்.

நான் பயந்தது காரைப் பார்த்து இல்லை. அவரைப் பார்த்து. விடியற்காலையில் எழுந்து பழகின உடம்பு, இன்னமும் எழுந்துகொண்டது. ஆனால் போக இடம் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு சாலை வரைக்கும் நடப்பார். எங்கள் போர்வெல் இருந்த இடத்துக்கு மேலே மேம்பாலம் ஏறியிருந்தது. அதன் கீழே நின்று மேலே போகிற லாரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். திரும்பி வந்து காரைத் துடைப்பார். பிறகு டிவி. தொப்பை போட்டது, சர்க்கரை ஏறியது. பேச்சு குறைந்தது.

அந்த வருடம் ஒரு ஞாயிறு பூசையில், பணக்காரர் விண்ணரசில் நுழைவது கடினம் என்கிற வாசகம் வந்தது. எங்கள் பங்குச் சாமியார் இளைஞர். நீட்டி முழக்கிப் பேசமாட்டார். அன்றைக்கும் சுருக்கமாகத்தான் பேசினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்.

"சாமி என்னப் பாத்துதான் பேசினாரா?"

"அவரு எல்லாரையும் பாத்துதான் பேசினாரு."

"இல்ல, ரெண்டு வாட்டி என் பக்கம் திரும்பினாரு."

"உங்க பக்கத்துலதாங்க ஃபேன் இருக்குது."

அவர் சிரிக்கவில்லை. திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரச் செலவு முழுவதையும் தாமே ஏற்றுக்கொண்டார். கோபுரம் பச்சையும் சிவப்புமாக மின்னியது. அதைப் பார்த்தபோதும் அவர் முகம் அப்படியேதான் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரும்புக் கொல்லையில் களை எடுக்கவும், கரணை நடவும், காய்ந்த சோகையை உரிக்கவும் ஐந்து பெண்கள் வருவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள், இந்துக் குடும்பங்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அந்தக் கொல்லையில் பார்த்திருக்கிறேன். நிலம் போன பிறகு அந்த ஐந்து பேரும் நூறு நாள் வேலைக்கும், கட்டட வேலைக்கும், கிடைத்த கொல்லைக்கும் என்று சிதறிப்போனார்கள். தெருவில் பார்த்தால் அந்த அக்கா கேட்பார். "இன்னா டீச்சரம்மா, வேற நெலம் எதுவும் பாக்கலியா அண்ணன்?" நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அது வெறும் விசாரிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறை. இவர் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா தலைமுடி அவிழ்ந்து கிடக்க ஓடிவந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவருடைய மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெகுநேரம் ஆகியும் வந்துசேரவில்லை.

"அண்ணா, வண்டிய எடுங்கண்ணா. பொண்ணு துடிக்கிறா."

என் கணவர் கையில் துணியோடு நின்றார். காரைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. பின்னால் கேட்டபோது, சாவி எங்கே வைத்தோம் என்றுதான் யோசித்தேன் என்றார். ஆனால் அண்ணி வேறு விதமாகப் புரிந்துகொண்டார். புது முழங்காலோடு விறுவிறுவென்று வந்து, பின்கதவைத் திறந்து, இருக்கை மேலிருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்து வாசலில் எறிந்தார். "அந்தப் பொண்ணு வழுக்கி வுழுந்துடும். வண்டிய எடுடா!" என்றார். தம்பி வயிறு தள்ளிய பெரிய மனிதர் என்பதெல்லாம் அவருக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை.

வண்டி எடுத்தார். அந்தப் பெண்ணைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தோம். அவள் அம்மா காலடியில், நான் தலைமாட்டில். வில்லியனூர் வரைக்கும் வேகமாகத்தான் வந்தோம். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். வண்டியைத் திருப்பவும் வழியில்லை. ரயிலையும் காணோம்.

அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. "அம்மா, வருதும்மா, வருது" என்று கத்தினாள். அவள் அம்மா புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "டீச்சரம்மா, தல தெரியுது. நீங்க அவளப் புடிச்சிக்கோங்க. அண்ணா, நீங்க எறங்கிப் போங்க."

இவர் இறங்கினார். இறங்கின மனிதருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உரக்க, ஊருக்கே கேட்கிற மாதிரி, மாதாவை நோக்கி ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் முணுமுணுக்கிற மனிதர் அவர். என்ன நடக்கிறது என்று நின்றவர்களுக்குப் புரிந்தது. பஸ்ஸிலிருந்து நான்கைந்து பெண்கள் இறங்கி ஓடிவந்து காரின் கண்ணாடிகளைத் தங்கள் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். பைக்கில் இருந்த ஆண்கள் யாரும் சொல்லாமலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் இவர் தோளைத் தட்டி, "நிறுத்தாதீங்க, சொல்லினே இருங்க" என்றது எனக்கு உள்ளே கேட்டது.

ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி. முடிவே இல்லாததுபோலப் பெட்டி பெட்டியாகப் போனது. அந்தத் தடதடப்புக்கு நடுவே குழந்தை வெளியே வந்தது. முதலில் சத்தமே இல்லை. அக்கா அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் அனுபவித்ததில்லை. பிறகு அது வீறிட்டது. ரயில் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. வெளியே யாரோ கைதட்டினார்கள். தொப்புள் கொடியை எதுவும் செய்யாமல் குழந்தையை அப்படியே தாயின் மார்பில் போட்டு, நைட்டி மேல் நான் போட்டிருந்த துப்பட்டாவால் மூடினோம். பெண் குழந்தை.

கேட் திறந்ததும் முன்னால் நின்ற பஸ் ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் கணவர் அழுதுகொண்டேதான் ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு சிவந்து, வாய் கோணி, கல்யாணத்தன்று இருந்ததைவிட அழகாக இருந்தார்.

தாயும் சேயும் நலம். கார் இருக்கைதான் நலமாக இல்லை. அன்று மாலை இவரே வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தேய்த்தார். முழுக்கப் போகவில்லை. கடையில் கொடுத்து உறை மாற்றலாம் என்றேன். "இருக்கட்டும் வுடு, ஒண்ணும் தெரியல" என்றார். நன்றாகத் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த அக்கா ஒரு கூடை கொய்யாவோடு வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காராமல் நின்றுகொண்டே, "அண்ணா, அந்த சீட்டு தொவைக்க இன்னா ஆவுமோ சொல்லுங்க, குடுத்துடறன்" என்றார். இவர் பதறிப்போனார். "இன்னாம்மா பேசற நீ, உள்ள வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, புதுத் தரையைக் காலால் தடவிப் பார்த்து, நல்லா இருக்குது என்றார். காபி குடித்தார். குழந்தைக்குக் குடும்பமே சேர்ந்து பேர் தேடிக்கொண்டிருப்பதைச் சொன்னார். பிறகு வேலை கிடைப்பதில்லை என்று, புலம்பலாக இல்லாமல், மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணி, கொய்யாவைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"கொல்லி போச்சி. நமக்குப் பணம் வந்துச்சி. அதே கொல்லியிலதான் அவளும் முப்பது வருசமா நடந்தா. அவளுக்கு இன்னா வந்துச்சி?"

"நெலம் நம்ம பேர்ல இருந்துச்சிக்கா" என்றார் இவர்.

"நான் பேரக் கேக்கலடா."

அன்று மாலை ஜெபத்தில் மூவரும் சீக்கிரமாக எழுந்துவிட்டோம்.

மாதம் ஒன்று போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் சொன்னார். "பாகூர் பக்கம் செலியமேட்டுல ஒரு நெலம் வருதாம். நஞ்சையும் கொஞ்சம் மேட்டுத் துண்டும். போயி பாத்துட்டு வரலாமா?"

வங்கியில் இருந்த பணத்தின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்திருந்தது. அது இருக்கிறது என்ற நினைப்பே காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்த ஈரத்துணிபோல எனக்கு இதமாக இருந்தது. சண்டை போட்டேன்.

"கரும்புல பட்டது போதாதா? வட்டி வருது. வாங்கிச் சாப்புட்டுட்டு நிம்மதியா இருக்கக் கூடாதா?"

"நீ நிம்மதியா இருக்க. நான் இல்லியே."

"ஏசி இருக்குது, காரு இருக்குது. இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?"

"வேலை" என்றார். "எனக்கும் வேணும். அவங்களுக்கும் வேணும்."

சாமியாரிடம் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். படித்தவர், பேராசை வேண்டாம், இருப்பதைக் கொண்டு திருப்தியாக இருங்கள் என்று சொல்லுவார், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்பது என் கணக்கு. பங்கு வீட்டுக்குப் போனோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "செலியமேட்டுல தண்ணி எப்படிங்க? ஏரிப் பாசனமா, போரா?" என்றார். அவர் அப்பா இன்னமும் மாடு வைத்து உழுகிறவராம். இவர் இரண்டும் உண்டு என்றதும், மேட்டுத் துண்டு செம்மண்ணா, நெல் எந்த ரகம் போடுவீர்கள் என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் குறுக்கே புகுந்தேன். "சாமி, பணத்த சும்மா பேங்க்ல வச்சிருக்கிறது தப்பா?"

சாமியார் என் பக்கம் திரும்பினார். "தப்புன்னு நான் சொல்லமாட்டன் டீச்சர். உங்களுக்கு வயசானா யார் பாப்பாங்க, அதுக்கும் வேணும். ஆனா அந்தப் பணத்தால உங்களத் தவிர வேற யாருக்குமே ஒரு பிரயோஜனமும் இல்லன்னா, கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும்" என்றார். உடனே, "நான் இன்னும் சின்னவன். நீங்க யோசிங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

யோசித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் யோசித்தேன். முடிவில் ஒரு பகுதியைத் தொடக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு மீதிக்குச் சம்மதித்தேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பணக்காரர்களாக இருந்தவர்கள், கொஞ்சம் குறைந்த பணக்காரர்களாக ஆனோம். அவ்வளவுதான்.

நிலத்தைப் பார்க்கப் போன அன்று அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். பாகூர் ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். மேட்டுத் துண்டுக்குப் போய் அங்கேயே வெகுநேரம் நின்றார்.

கிரயம் முடிந்த பிறகு என் கணவர் அவரிடம் ஒரு பெரிய மனது காட்டினார். அந்த மேட்டுத் துண்டை ஐந்து பேரும் பயிர் வைத்துக்கொள்ளட்டும், எதுவும் தர வேண்டாம், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அக்கா தலையை ஆட்டினார்.

"வேணாம்ணா" என்றார்.

"ஏம்மா?"

"சும்மா குடுத்தா அது உங்க கொல்லிண்ணா. நாங்க வந்து வேல செஞ்சிட்டுப் போற மாரிதான். குத்தகைக்கு வுடுங்க. காசு குடுத்துடறம். அப்பதான் எங்க பயிரு."

இவர் முகம் வாடிப்போனது. தானம் செய்யத் தயாராகி வந்தவருக்கு அதை வாங்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "உன் புண்ணியத்த அவ ஏண்டா தூக்கினு திரியணும்?" என்றார். மறுநாள் இவர் போய்க் குத்தகை பேசி முடித்தார். ஊரில் நடக்கிற அளவைவிடக் குறைவுதான். அந்த அக்கா அதையும் பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

நெல்லுக்கு நடவு, களை என்று அந்தப் பெண்களே வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து செலியமேட்டுக்கு நேர் பஸ் கிடையாது. அதனால் விடிந்ததும் கார் புறப்படும். இவர் ஓட்ட, ஐந்து பேரும் தூக்குச்சட்டியும் களைக்கொட்டுமாக ஏறிக்கொள்வார்கள். முதல் நாள் பெருமையாக ஏசி போட்டாராம். கொஞ்ச தூரத்திலேயே, "அந்தக் காத்த நிறுத்துங்கண்ணா, கொமட்டினு வருது" என்று எல்லோரும் சொல்லி, கண்ணாடியை இறக்கிவிட்டார்களாம். சேற்றுக் காலோடு திரும்பி வருவார்கள். இவர் ஒரு சாக்கை விரித்துப் பார்த்தார். இரண்டாம் வாரம் அதையும் விட்டுவிட்டார்.

சொந்தத்தில் பேச்சு எழுந்தது. ஒரு கல்யாண வீட்டில் இவருடைய சித்தப்பா மகன் பந்தியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். "இன்னாண்ணா, கூலியாளுங்கள எல்லாம் கார்ல ஏத்தினு சுத்தறியாமே? நாளைக்கு நாங்க எப்படி அதுல உக்கார்றது?"

"நீ பைக்லதானடா வருவ" என்றார் இவர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மனிதரை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுத ஆசைதான். கார்த்திகையில் புயல் வந்தது. ஏரி நிரம்பி வழிந்து, கதிர் விடப்போன நெல் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. பாதிக்கு மேல் போனது. வரப்பில் நின்று பார்த்தபோது, வங்கிப் பணத்தில் இதற்குப் போனதைத்தான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அக்கா மட்டும் சாதாரணமாக, "சாஞ்சத நிமித்திக் கட்டினா கொஞ்சம் தேறும்ணா" என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். இவரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். சாய்ந்து கிடந்ததை நான்கு நான்கு குத்தாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டினார்கள். தேறியது கொஞ்சம்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும், கூலிக்கும் சரியாகப் போனது.

மேட்டுத் துண்டு தண்ணீரில் நிற்கவில்லை. மழை விட்டு ஈரம் காய்ந்த பதத்தில் அவர்கள் அதில் மல்லாட்டை போட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். பங்குனியில் பிடுங்கினார்கள். தவக்காலம், நோன்பு நாட்கள். அண்ணி பிடிவாதமாகத் தானும் வருவேன் என்று வந்துவிட்டார். ஒவ்வொரு செடியையும் பிடித்து இழுக்கும்போது கொத்துக் கொத்தாக வந்தது. பிடுங்கிக்கொண்டே அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். அக்காவின் மகளும் வந்திருந்தாள். ரயில்வே கேட்டில் பிறந்த குழந்தை மரத்தடியில் சாக்கின் மேல் உட்கார்ந்து மண்ணைத் தின்னப் பார்த்தது. அண்ணி அதன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

எங்கள் நெல்லைவிட அவர்கள் மல்லாட்டை நன்றாகப் போனது. திருக்கனூர் சந்தையில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே குத்தகைப் பணத்தை ஐந்து பேரும் சேர்ந்து வந்து கொடுத்தார்கள். இவர் கையை நீட்டத் தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. கூடவே ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்திருந்தார்கள். "இது குத்தகை இல்ல, இது சும்மா" என்றார் அந்த அக்கா. சும்மா கொடுப்பதும் வாங்குவதும், அவர்கள் கொடுத்து நாங்கள் வாங்கியபோது எவ்வளவு எளிதாக இருந்தது.

எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடவில்லை. செல்வத்தைப் பற்றிய அந்த வாசகம் பூசையில் வரும்போது இப்போதும் என் உடம்பு கொஞ்சம் நெளிகிறது. தொடாமல் வைத்த பகுதி தொடாமலேதான் இருக்கிறது. அது எங்கள் முதுமைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் பயம் எவ்வளவு, விசுவாசக் குறைவு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆண்டவரிடம் அதை அப்படியே சொல்லிவிடுகிறேன். மற்றபடி இரவில் படுத்ததும் தூங்கிவிடுகிறோம். இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. பேச்சு கூடியிருக்கிறது, சில நாள் அளவுக்கு மீறியே.

நேற்று மாலை அந்த அக்கா வந்திருந்தார். அடுத்த பட்டத்துக்கு மேட்டுத் துண்டில் உளுந்து போடப் போகிறார்களாம். இவருக்கு அது பிடிக்கவில்லை. எள்தான் அந்த மண்ணுக்கு என்கிறார்.

"எங்க பயிருண்ணா அது" என்றார் அவர்.

"நெலம் என்னுதும்மா" என்றார் இவர்.

"குத்தகைக்கு வுட்டுட்டீங்க இல்ல? வாயத் தொறக்கக் கூடாது."

அண்ணி உளுந்துப் பக்கம் பேசினார். நான் யார் பக்கமும் பேசாமல் எல்லோருக்கும் டீ போடப் போனேன். அடுப்பங்கரை வரைக்கும் அவர்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரை யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அங்கிருந்தே கத்திக் கேட்டேன். உளுந்தா எள்ளா என்பதுதான் திரும்பி வந்தது.